சின்னச் சட்டை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உடையைப் பற்றி எழுதப் புகுவார் பெரும்பாலும் பட்டின் சிறப்பையும் பருத்தியின் நன்மையையும், நாடோறும் மாறிவரும் நாகரிகத்தையுமே எழுதுவர். யாம் ஈண்டு எழுதக் கருதியது அவற்றினும் மிகச் சிறியதொரு பொருள். வீட்டிலிருந்தே இளங்குழந்தைகளுக்கு உடை தைத்தல். ஆடவனொருவன் ஊசியையும் நூலையும் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதா என்று நண்பர் சிலர் நகைத்தனர். எனினும், சென்ற டிசம்பர்த் திங்களில் 12 குழந்தைகளுக்கு உடை தைக்க நேர்ந்த யாம், அவ்வேலையிற் கற்றது எம் பாடப் புத்தகங்களிற் கற்றதற்குக் குறைந்ததன்று எனக் கண்டமையால், இதனை எழுதத் துணிந்தோம்.

வளர்ந்தோர்க்கு உடை தைத்தல் ஒருவாறு எளிது. என்னை? அவருடைய உடம்பு இன்று இருந்தவாறே அடுத்த ஆண்டும் இருக்கும். குழந்தையின் உடம்போ நிலையாக நில்லாதது. நான்கு வயது கடந்த குழந்தை, பூப்புப் பருவம் வரும்வரை, ஓராண்டில் ஏறக்குறைய 2 அங்குலம் உயர்கின்றது. உயரம் ஏறுமளவு பருமன் ஏறுவதில்லை. ஆதலால் சென்ற ஆண்டு தைத்த சட்டை மார்பிலே பொருந்தியிருப்பினும் கையிலும் நீளத்திலும் குறைந்துவிடும். "வளரும் பிள்ளை; கொஞ்சம் தாராளமாகத் தையுங்கள்" என்று தாய்மார் தையற்காரரிடம் சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. வளர்ந்தவனுக்குத் தைப்பவன் இருக்கின்ற உடம்புக்குத் தைக்கின்றான். குழந்தைக்குத் தைப்பவனோ இருக்கின்ற உடம்புக்கும் இனி வரப்போகின்ற உடம்புக்கும் சேர்த்துத் தைத்தல் வேண்டும். இவ்வொன்றை உணர்ந்துகொள்ள எமக்குப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

தையல் என்னும் சொல் தமிழிலே தைக்கும் தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். சங்கப் பாடல்களிலே இளமகளிர் ஆம்பல், நொச்சி முதலியவற்றின் பூவும் தழையும் கொண்டு புனைந்த தழையுடையை உடுத்தமை கூறப்படுகின்றது. துன்னம் என்பது தைத்தலுக்குரிய பழஞ்சொல். புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்திக் கூறுமிடத்து இளங்கோவடிகள் துன்னகாரரை மறந்தாரல்லர். பொருநராற்றுப்படையிலே, கரிகாற் பெருவளத்தானைக் காணச் சென்ற பொருநன் உடுத்திருந்தது வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தலென முடத்தாமக்கண்ணியார் கூறுகின்றார். இப்பகுதியை யாம் வகுப்பிலே பாடங்கேட்ட அன்று, ஆசிரியர் துன்னம் என்பதற்குப் பொருள் விரித்துக்கொண்டிருக்க, எம் நெஞ்சம் எம் பழைய சட்டைகளிடத்தே சென்றுவிட்டது. வெள்ளைச் சட்டையில் நீல நூலும், நீலச் சட்டையில் சாம்பல் நிற நூலுமாக, கையிற் கிடைத்த நூலைக் கொண்டு எம் அன்னையார் ஓரம் தைத்த சட்டைகள் அவை.

விவிலிய நூலோ முதற் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்திலேயே தையலைக் கூறத் தொடங்கிவிடுகின்றது; அத்தியிலைகளைத் தைத்து உடுத்தமை அங்கே சொல்லப்படுகின்றது. அப்போஸ்தலருடைய நடபடிகளிலே, யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபொழுது, விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து அழுது அவளுடைய பெருமையாக எடுத்துக் காட்டியவை அவள் செய்திருந்த அங்கிகளும் வஸ்திரங்களுமே. சாமுவேலின் முதற் புத்தகத்திலே அன்னாள் தன் மகனைச் சீலோவில் ஏலி என்னும் ஆசாரியனிடத்தே ஒப்புவித்த பின்னர், ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துச் செல்லுகின்றாள். இச்செய்தியை ஓய்வுநாட் பாடசாலையிற் பலகால் கேட்டிருந்தும், அதனுள்ளே கிடந்ததொரு வினாவை யாம் கருதியதில்லை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

எமது ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தது. எமக்கு ஆறு வயது நடக்கையில் எம் தந்தையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அது முதல் எம் இல்லத்து அடுப்பெரிந்தது எம் அன்னையாரின் தையற்பொறியினாலேயே. அவருக்குத் தையல் கற்பித்தவர் எம் பாட்டியார். பாட்டியாருக்குக் கற்பித்தது மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம். எம் பகுதியிலே இக்கல்வி வந்த வழி நெடியது. 1819-ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோயிலுக்கு வந்த மால்ட் என்னும் மிஷனெரியின் மனைவியார், அங்கிருந்த பெண்கள் பள்ளியிலே பின்னல் வேலையைக் கற்பித்தார். நாகர்கோயில் லேஸ் என்று பிற்காலத்திலே பெயர்பெற்ற தொழில் அவ்வாறு தொடங்கியதாகும்.

அந்நாளில் தென்திருவிதாங்கூரிலே தைத்த துணி என்பது அழகுக்குரிய பொருளாக மட்டும் இருந்ததன்று. தாழ்ந்தோரென ஒதுக்கப்பட்ட வகுப்பு மகளிர் இடுப்புக்கு மேலே துணியிடுதல் தடுக்கப்பட்டிருந்தது. கிறிஸ்தவ மகளிர் அணிந்த குப்பாயம் என்னும் தைத்த சட்டையைப் பற்றியும் தோள்சீலையைப் பற்றியும் பல்லாண்டுகள் கலகம் நிகழ்ந்தது. மகளிர் சந்தைகளிலும் தெருக்களிலும் அடிபட்டனர். அவருடைய துணிகள் கிழிக்கப்பட்டன. 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திருவிதாங்கூர் அரசர் வெளியிட்ட அறிவிப்பு, நாடார் மகளிர் குப்பாயம் அணியலாம் என்று இசைந்தது. ஆயினும் உயர்ந்தோரெனப்பட்ட மகளிரைப் போல அணிதலாகாது என்று அப்பொழுதும் வரையறுத்தது. ஆதலால், எம் பாட்டியார் ஒரு சிறுமிக்குச் சட்டை தைத்து முடித்தால், அதனை விரித்துப் பிடித்து ஒருமுறை உற்றுநோக்கிய பின்னரே மடிப்பார். அந்நோக்கின் பொருளை எமக்கு வரலாற்று நூல்களே பின்னர் விளக்கின.

எம் வீட்டுத் தையற்பொறி காலால் மிதித்து ஓட்டுவது. இப்பொறி உலகிற்கு எளிதாய் வந்ததன்று. பிரான்சு தேசத்துத் திமோனியர் 1830-ஆம் ஆண்டிலே தையற்பொறிக்கு உரிமை பெற்றார். பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர் திரண்டு அவர்தம் பொறிகளை உடைத்தனர். அமெரிக்காவிலே ஹோ என்பவர் 1846-ஆம் ஆண்டிலும், சிங்கர் என்பவர் 1851-ஆம் ஆண்டிலும் உரிமை பெற்றனர். ஊசியின் துளை அதன் முனையருகே அமைந்திருத்தலும், மேல்நூல் துணியை ஊடுருவிக் கீழ்நூலைக் கவ்விக்கொள்ளுதலுமே இப்பொறியின் நுட்பம். இயந்திரங்களின் மீது காதல் கொள்ளாத காந்தியடிகளும், 1924-ஆம் ஆண்டிலே தம் கொள்கைக்கு விலக்காகத் தையற்பொறியை ஏற்றுக்கொண்டார். தந்தையற்ற பிள்ளையோடு தனித்திருக்கும் பெண்ணொருத்தி மானத்தோடு வாழ இது வழிசெய்தலை எம் வீட்டிலேயே கண்ட எமக்கு, அவர் தந்த விலக்கு நேரியதென்றே தோன்றுகின்றது.

இது நிற்க. எம்முடைய ஏழாம் வயதில் எம்மை ஒரு மாணவர் விடுதியிலே சேர்த்தனர். ஆண்டில் மூன்று விடுமுறைக்கே யாம் வீடு திரும்புவோம். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பள்ளி திறக்கும் ஜூன் திங்களுக்கும் எம் அன்னையார் ஒரு சட்டை தைத்து அனுப்புவார். அச்சட்டைகள் ஒருபொழுதும் எமக்குப் பொருந்தியதில்லை. தோள் இறங்கித் தொங்கும். கை மணிக்கட்டை மறைக்கும். நீளமோ முழங்காலை எட்டும். உடன் பயின்ற பிள்ளைகள், "போதகர் ஐயா அங்கியோடு வருகிறார், எழுந்து நில்லுங்கள்" என்று கூவிச் சிரிப்பர். எம் அன்னையார் ஊரிலுள்ளார் எல்லார்க்கும் அளவறிந்து தைப்பவர். தம் மகனுக்கு மட்டும் அளவறியாமல் தைக்கின்றாரே என்று யாம் உள்ளூரச் சினந்தோம். பத்தாம் வயதிலே வந்த இளநீலச் சட்டையை ஒரே நாள் அணிந்தோம். மறுநாள் அதனைச் சமையற்காரரின் மகனுக்குக் கொடுத்துவிட்டு, கொடியில் உலர்த்தியிருந்தபொழுது காணாமற் போயிற்று என்று அன்னையாரிடம் பொய் சொன்னோம். அவர் ஒன்றும் கேட்டிலர். அடுத்த சட்டையும் பெரியதாகவே வந்தது.

சென்ற ஆண்டு நவம்பர்த் திங்களில் எம் அன்னையாருக்குக் கண்புரை அறுவை நிகழ்ந்தது. சில வாரங்கள் குனிந்து வேலை செய்தலாகாது என்று மருத்துவர் கட்டளையிட்டார். எம் சபையிலோ கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு உடை வேண்டியிருந்தது. முந்திய ஆண்டு வாடகைக்கு உடை கொணர்ந்தனர். அவை பெரிய பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை. ஒவ்வொரு குழந்தையின் முதுகிலும் ஏழெட்டு ஊக்குகளைக் குத்தி நிறுத்த, ஒரு மேய்ப்பன் ஊக்குக் குத்தி அழுதுகொண்டே பெத்லகேமுக்குப் போனான். ஆதலால் இம்முறை எம் அன்னையார் தைத்துத் தருவதாக முன்னரே ஒப்புக்கொண்டிருந்தார். அவருடைய சொல் பொய்க்கலாகாது என்று கருதி, விடுமுறைக்குச் சென்றிருந்த யாம் பொறியின் முன்னே அமர்ந்தோம். சிறுவயதில் விடுமுறைதோறும் அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தும், பழந்துணியில் மிதித்துப் பழகியும் அறிந்த சிறு பயிற்சியே எமக்கு மூலதனம்.

கிறிஸ்துவின் பிறப்பைக் கண்முன்னே காட்டும் வழக்கம் பழமையானது. 1223-ஆம் ஆண்டிலே அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் முன்னணையும் மாடும் கழுதையும் கொண்டு அக்காட்சியை அமைத்தார். உடைகளுக்கு மூலநூலை ஆராய்ந்தபொழுது எமக்கு வியப்பே மிஞ்சிற்று. லூக்கா சுவிசேஷத்திலே மேய்ப்பருக்குத் தோன்றிய தூதனுக்குச் சிறகு கூறப்படவில்லை. மத்தேயு சாஸ்திரிகள் மூவரென எண்ணிக்கை கூறவில்லை. எனினும், சிறகில்லாத தூதனாக மேடையேற எம் சபைக் குழந்தைகளுள் ஒருவரும் உடன்படார் என்பது தெளிவு. ஐந்து தூதர், நான்கு மேய்ப்பர், மூன்று சாஸ்திரிகள் என முடிவாயிற்று. மேய்ப்பருக்குப் பழைய படுக்கை விரிப்பும், தலைக்குத் துவர்த்தும் போதியனவாயின. சாஸ்திரிகளுக்கு எம் அன்னையாரின் பழம்பட்டுச் சேலையின் முந்தியை எடுத்துக்கொண்டோம். தூதருக்கு மட்டும் ஆளுக்கு 2¼ மீட்டராக வெள்ளைத் துணி புதிதாய் வாங்கப்பட்டது.

வாங்கிய துணியை வெட்டுமுன்னர் ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்துதல் வேண்டும். பருத்தித்துணி முதல் நனைப்பிலே சுருங்கும். நனையாமல் வெட்டித் தைத்தால் குழந்தை வளருமுன்னே சட்டை சிறுத்துவிடும். பின்னர்ப் பாவு நூல் ஓடும் வழி அறிந்து, உடையின் நீளம் அவ்வழியே அமையுமாறு மடித்தல் வேண்டும். பாவும் ஊடையும் எளிதில் நீளா. மூலைவாட்டமாக இழுத்தாலோ துணி நெகிழும். ஆகவே, கழுத்தைப் போன்ற வளைவான ஓரங்களுக்கு மூலைவாட்டமாக வெட்டிய பட்டையைக் கொண்டு விளிம்பு கட்டுவர். அமெரிக்கத் தையற்காரர் பட்டரிக் என்பவர் 1863-ஆம் ஆண்டிலே அளவு வரிசைப்படுத்திய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அவருடைய தொடக்கக் கால மாதிரிகளிலே சிறுவர் உடைகளும் இருந்தன. எமக்கு மாதிரியாய் அமைந்தது பழைய செய்தித்தாளே.

முதற்றூதனுக்குரிய அங்கியை மிக்க கவனத்தோடு அளந்தோம். ஆறு வயதுச் சிறுமி அவள். தோளிலிருந்து கணுக்கால்வரை 36 அங்குலம்; கழுத்தின் சுற்று 11 அங்குலம். அளவிற் சிறிதும் பிழையாமல் வெட்டி, இரவெல்லாம் இருந்து தைத்து முடித்தோம். மறுநாள் அவளுக்கு அணிவிக்க முயன்றபொழுது அங்கி தலையிலே நின்றுவிட்டது. இழுத்தோம், அவள் உள்ளிருந்து அழுதாள். கழுத்துக்கு அளவெடுத்த யாம், அக்கழுத்தை அடைய உடை தலையைக் கடந்தாக வேண்டும் என்பதை நினைந்தோமல்லோம். அவள் தலையின் சுற்று 20 அங்குலம். குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்துச் சிறிது. பிறந்த குழவியின் நீளத்தில் நாலிலொரு பங்கு தலையே; வளர்ந்தோர்க்கோ எட்டிலொரு பங்களவு. ஆதலாலன்றோ குழந்தைகளின் சட்டைக்குத் தோளிலோ முதுகிலோ திறப்பு வைக்கின்றனர்! முதுகுப்புறத்தே 5 அங்குலம் பிளந்து, இருபுறமும் விளிம்பு கட்டி, ஒரு பித்தானும் நூல்வளையமும் வைத்தோம். அங்கி தலையைக் கடந்தது.

நாடா வைத்துக் கட்டினால் எளிதன்றோ எனின், இளங்குழந்தையின் கழுத்தருகே நாடாவும் கயிறும் வைத்தலாகாது; எங்கேனும் மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். பித்தானையும் இரட்டை நூலால் இறுகத் தைத்தல் வேண்டும்; கழன்றது குழந்தையின் வாய்க்கே செல்லும். தூதர் கையிலே மெழுகுவர்த்தி பிடித்து வருதல் எம் சபை வழக்கம். மெல்லிய பருத்தித்துணி தீப்பற்றினால் நொடியில் எரிந்துவிடும் என்று எம் அன்னையார் கூற, போதகர் ஐயாவிடம் சொல்லி மெழுகுவர்த்திக்கு ஈடாகச் சிறிய மின்விளக்குகளைத் தந்தோம்.

அங்கியை அணிந்து கண்ணாடியின் முன்னே நெடும்பொழுது நின்ற அச்சிறுமி எம்மை நோக்கி, "அண்ணா, நாடகம் முடிந்ததும் இதை நானே வைத்துக்கொள்ளலாமா?" என்றாள். வைத்துக்கொள் என்றோம். சற்றுநேரம் சிந்தித்து, "அடுத்த கிறிஸ்மசுக்கும் எனக்கு இது காணுமா?" என்று வினவினாள். காணுமா என்பது எம் நாட்டு வழக்கு. போதுமா என்பது அதன் பொருள். அவளுடைய தாய் முந்திரி ஆலையிலே வேலை செய்பவர். வேடமென்று யாம் தைத்ததனை அக்குழந்தை உடையென்று எண்ணியிருந்தாள். ஒருநாள் மாலை அரைமணி நேரத்துக்கு வேண்டியதொன்றாகக் கருதி, யாம் கீழோரத்தில் அரை அங்குலமே மடித்து, எஞ்சிய துணியைச் சிறகு வேலைக்கென்று வெட்டி வைத்திருந்தோம். எமக்கு மறுமொழி எழவில்லை.

அன்றிரவு அங்கியின் கீழ்ப்பகுதியை முற்றும் பிரித்தோம். வெட்டிய துணியை மீண்டும் ஒட்டிக் கீழே நீட்டினோம். ஓர் அங்குல அகலமுள்ள மடிப்பு 2 அங்குலத் துணியை உள்ளே கொள்ளும். அவ்வாறு மூன்று மடிப்புகளை, ஒன்றன்மேலொன்றாக, அலங்காரம்போலத் தோன்றுமாறு பாவாடைப் பகுதியைச் சுற்றித் தைத்தோம். ஆண்டுக்கொரு மடிப்பைப் பிரித்தால் மூன்று ஆண்டுகளுக்கு உடை அவளோடு கூடவே வளரும். பிரிப்பதற்கு எளிதாகுமாறு அம்மடிப்புகளைப் பொறியில் தைக்காது, கையாலே நீண்ட ஓட்டுத்தையலாக இட்டோம். அக்குளிலும் பக்கங்களிலும் ஓர் அங்குலம் உள்ளே விட்டோம். மற்றை நான்கு அங்கிகளையும் அவ்வாறே தைத்தோம்.

எம் அன்னையார் கறுப்புக் கண்ணாடி அணிந்து அருகே அமர்ந்திருந்தார். முடிந்த அங்கியை வாங்கி மடிமீதிட்டு, பார்க்காமலே, விரல்களால் ஓரத்தைத் தடவிச் சென்றார். "மக்களே, உள்ளே எவ்வளவு விட்டிருக்கிறாய்?" என்றார். சொன்னோம். "போதும், தைக்கத் தெரிந்துகொண்டாய்" என்றார். அதுகாறும் எம் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் கூறியிருக்கவில்லை.

அந்நேரத்தில் பன்னெடுநாள் எம்முள்ளே கிடந்த வினாவைக் கேட்டோம். "அம்மா, விடுதிக்கு எனக்குச் சட்டை தைத்தனுப்பினீர்களே, நான் அருகில் இல்லாமல் அளவு எப்படி அறிந்தீர்கள்?"

"நம் தெருவில் உன்னோடு பிறந்த மாதத்திலேயே பிறந்த பையன் ஒருவன் இருந்தானல்லவா? அவனைக் கூப்பிட்டு நிறுத்தி அளவெடுப்பேன். அவன் வீட்டில் தாய் தகப்பன் கையால் உண்கிறவன். விடுதியில் உனக்கும் நன்றாய்ச் சோறு போடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவனுடைய அளவுக்கு மேலே ஓர் அங்குலம் கூட்டித் தைப்பேன். நீ அவனைவிட வளர்ந்திருப்பாய் என்று எண்ணினேன்" என்றார்.

யாம் வாய் பேசாதிருந்தோம். விடுதியிலே யாம் பட்டினி கிடந்தோமல்லோம். ஆயினும் அன்னையார் கருதியவாறு வளரவுமில்லை. பிள்ளைகள் நகைத்த அந்த நீண்ட கையும் இறங்கிய தோளும் அளவறியாமையால் வந்தனவல்ல; எம் அன்னையார் எம்மைப் பற்றிக் கொண்டிருந்த நம்பிக்கையின் அளவு அது. ஒவ்வொரு விடுமுறையிலும் யாம் அவர்முன் வந்து நின்றபொழுது, தாம் தைத்த சட்டைக்கும் எம் உடம்புக்கும் இடையே இருந்த வெளியை அவர் கண்டிருத்தல் வேண்டும். கண்டும் அடுத்த சட்டையை அவர் குறைத்துத் தைக்கவில்லை.

அன்னாளின் கதையிலே கிடந்த வினா இதுவே. மகனை ஆண்டிலொருமுறையே கண்ட அத்தாய், அவன் அளவை யாரிடத்தே எடுத்தாள்? ராமாவிலே தன் தெருவிற் பிறர் பிள்ளையை நிறுத்தி அளந்தாளோ? சென்ற ஆண்டுச் சட்டையின் மேல் எத்துணை விரல் கூட்டினாள்? சீலோவிலே அதனை அணிந்தபொழுது அது அவனுக்குப் பொருந்திற்றோ? வேதம் அவற்றைக் கூறவில்லை. தைத்து எடுத்துச் சென்றாள் என்று மட்டுமே கூறுகின்றது. பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் ஆண்டுதோறும் தைத்தாள் என்பதே அங்கே எழுதத்தக்கதாயிருந்தது போலும்.

இளநீலச் சட்டையைப் பற்றிய உண்மையை அவ்விரவிலே சொன்னோம். கொடியிலிருந்து அது காணாமற் போகவில்லை. வெட்கத்தினாலே பிறனுக்குக் கொடுத்துவிட்டோம் என்றோம். அவர் சினந்தாரல்லர், வருந்தியதாகவும் எமக்குத் தோன்றவில்லை. கையிலிருந்த அங்கியை மடித்து வைத்துவிட்டு, தையற்காரர்க்கே உரிய ஒரு வினாவை வினவினார்.

"அந்தப் பையனுக்கு அது கண்டதா?"

"கண்டது, அம்மா. இரண்டு வருடம் போட்டான்" என்றோம்.

"அப்படியானால் துணி வீணாகவில்லை" என்று சொல்லி, படுக்கச் சென்றார்.

நாடகம் நன்கு நடந்தேறியது. மேய்ப்பருள் ஒருவனும் அழவில்லை. சாஸ்திரி ஒருவனுடைய பஞ்சுத் தாடி மட்டும் பாதி வழியிலே கழன்று விழ, அவன் அதனைப் பொன்னோடும் தூபவர்க்கத்தோடும் சேர்த்துப் பாலகன் முன்னே காணிக்கையாக வைத்துவிட்டான். தூதர் ஐவரும் மின்விளக்கேந்திப் பாடினர். புத்தாண்டு ஆராதனைக்கு அச்சிறுமி சிறகைக் கழற்றிவிட்டு அந்த வெள்ளை அங்கியையே அணிந்து வந்தாள். மூன்று மடிப்புகளும் அழகாயிருந்தன என்று சிலர் கூறினர்.

இன்று கடைகளிலே குழந்தைகளுக்கு ஆயத்த உடைகள் எவ்வளவோ வகையாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் குறையொன்றுமில்லை. ஆயினும் அவ்வுடைகளின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பீராயின், ஓரத்திலே விட்டு வைத்த துணி பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும். வளர்ந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது விற்போர் கருத்து. வீட்டிலே தைப்போர் உள்ளே விடும் அந்த ஓர் அங்குலம் பிறர் கண்ணுக்குப் புலப்படாது. அணியும் குழந்தைக்கும் தெரியாது. அதுவே அவ்வுடையின் சிறந்த பகுதி என யாம் இப்பொழுது கருதுகின்றோம்.

வருகின்ற டிசம்பர்த் திங்களில் ஊருக்குச் சென்றதும் அம்முதல் மடிப்பைப் பிரித்துக் கொடுப்பதாக அக்குழந்தைக்குச் சொல்லியிருக்கின்றோம். அதற்குள் அவள் 2 அங்குலம் வளர்ந்திருப்பாள் என்பது எம் நம்பிக்கை.